மழைக்கு முன்னால் ஐந்து நாள்

சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே நான் செய்த பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் நாங்கள் ஜெயித்ததற்கு அந்தத் தப்புதான் காரணம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். வண்டிகளை அனுப்பும் பொறுப்பு என் கைக்கு வந்திருந்தது. பண்டிகைக்கு முன்னால் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பால் பவுடர் அனுப்ப வேண்டும். வழக்கமாக மூன்று நாள் பிடிக்கும் வேலை. நான் ஒரே காலையில் பன்னிரண்டு லாரிகளையும் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக கேட்டைத் தாண்டி அனுப்பிவிட்டேன். மேலதிகாரி கைகுலுக்கினார். லாரிகள் வரிசையாகக் கிளம்புவதைப் போட்டோகூட எடுத்து வைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் சரக்கு இறக்க இரண்டே வாசல்கள்தான் இருந்தன. அதை நான் விசாரிக்கவே இல்லை. முதல் நான்கு லாரிகள் அன்று இறங்கின. மற்றவை ரோட்டோரம் நின்றன. மறுநாள் மழை. ஒரு லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்ததால் அதில் இருந்த பாதி மூட்டைகள் நனைந்து வீணாயின. மூன்றாம் நாள் அந்த லாரியின் டிரைவர் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லாத, அலுத்துப்போன குரல்.

"மேடம், நீங்க எங்களை அனுப்பல. முதல்ல உங்க எடத்துல நிறுத்தி வச்சிருந்தீங்க, இப்ப வேற எடத்துல நிறுத்தி வச்சிருக்கீங்க. அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி அந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போய் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தேன். ஒரு லாரி உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரமாகிறது, இறக்குகிறவர்கள் எப்போது சாப்பிடப் போகிறார்கள், எந்த வாசலில் தரை சரிந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒரு சரக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அது கிளம்பும் இடம் முடிவு செய்வதில்லை. வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ அதுதான் முடிவு செய்கிறது. மற்ற இடங்களில் எத்தனை வேகம் காட்டினாலும் அந்தக் குறுகலான இடத்தில் போய்க் கும்பலாக நிற்கத்தான் வேண்டும். அதிலிருந்து எந்த வேலையை எடுத்தாலும் கடைசி வாசலில் ஆரம்பித்துப் பின்பக்கமாக நடந்து பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

கணவருக்குக் கீழ்வேளூரில் ஆசிரியர் வேலை கிடைத்ததும் ஊருக்குத் திரும்பினோம். எங்கள் ஊர் கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அப்பா இல்லை. அம்மா இன்னமும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். வேண்டாம் என்று சொன்னால் என்னோடு இரண்டு நாள் பேசமாட்டாள்.

அந்தச் சமயத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். அதற்கு ஒரு மேலாளர் தேவைப்பட்டது. நேர்காணலுக்குப் போனால், நடுநாற்காலியில் தலைவராக உட்கார்ந்திருந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அம்மா முப்பது வருஷமாக நாற்று நட்டது அவருடைய வயலில்தான். சின்ன வயதில் அவர் வீட்டு வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. அவர் என் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "உட்காருங்கம்மா. நிலம் எங்களுக்குத் தெரியும். விளைஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

முதல் வருஷம் உரமும் பூச்சிமருந்தும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டதோடு போயிற்று. இரண்டாவது வருஷம் பெரிய காரியம் ஒன்றில் இறங்கினோம். ஒரு விதைக் கம்பெனிக்காக முப்பது விவசாயிகளின் நாற்பது ஏக்கரில் விதை நெல் போட்டோம். சாப்பாட்டு நெல் கொஞ்சம் நனைந்தால் காயவைத்து எப்படியாவது தள்ளிவிடலாம். விதை நெல்லில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நனைந்து சூடேறினால் முளைப்புத் திறன் போய்விடும். அப்புறம் கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்காது. கடைமடையில் விதை நெல் எடுக்க முடியுமா என்று அவர்களுக்கு முதலிலிருந்தே சந்தேகம். இந்த ஒரு முறை தவறினால் மறுமுறை கிடையாது.

தை மாதம் கதிர் முற்றி வயல் பழுத்திருந்த ஒரு திங்கட்கிழமை, வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவாகிறது, சனிக்கிழமைவாக்கில் கனமழை இருக்கும் என்று செய்தி வந்தது. அன்று காலையே எங்கள் அலுவலக வாசலில் முப்பது விவசாயிகளும் கூடிவிட்டார்கள். தலைவர் முன்னால் நின்றார்.

"ஆத்தூர்ப் பக்கம் பேசிட்டேன். இன்னும் நாலு அறுப்பு மெஷின் வருது. இருக்கிற ரெண்டோட சேர்த்தா ஆறு. ஒரே நாள்ல நாப்பது ஏக்கரையும் அறுத்துக் கொட்டிடலாம்."

எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. எனக்கு மட்டும் ரோட்டோரம் வரிசையாக நின்ற லாரிகள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"ஐயா, அறுத்து எங்க கொட்டுறது?" என்று கேட்டேன்.

"களத்துலதான்."

"களம் ரெண்டுதான் இருக்கு. ஒரு நாளைக்கு மூணு ஏக்கர் நெல்லுதான் அதுல காயும். மிச்சம் குவியலா கெடக்கும். ஈர நெல்லு குவியல்ல கெடந்தா ஒரே ராத்திரியில சூடேறிடும். மழையே வேண்டாம், நாமளே கெடுத்துடுவோம். வெளி மெஷின்ல வேற ரக நெல்லு ஒட்டியிருக்கும். நம்ம விதையில கலந்துட்டா அதுக்கும் மேல."

கூட்டத்தில் ஒருவர், "அப்ப மழையில நிக்கட்டும்ங்கிறீங்களா?" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நெல் நின்றுகொண்டிருந்தது.

"இல்லீங்க. எனக்கு மத்தியானம் வரைக்கும் டயம் குடுங்க" என்றேன்.

ஒரு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கீழ்வேளூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த குடோன் கதவில் ஆரம்பித்து, அங்கிருந்து ரோடு, ரோட்டிலிருந்து வாய்க்கால் பாலம், பாலத்திலிருந்து களம், களத்திலிருந்து வயல் என்று பின்பக்கமாக வந்தேன். குடோனில் இடம் இருந்தது. லாரிகள் இருந்தன. இரண்டு மெஷின் தாராளம். குறுகலான இடம் களம்தான். ஆகவே களத்தைத் தேடினேன். மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றின் சிமெண்டுத் தரையைக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கூடைப்பந்துத் தரையைத் தந்தார். அந்த வாரம் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியும் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஏழரை ஏக்கர் காயவைக்கலாம். திங்கட்கிழமை மத்தியானமே தொடங்கினால் வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்து நான்கு ஏக்கர். ஆறு ஏக்கருக்கு வழியில்லை.

அடுத்ததுதான் கஷ்டமான காரியம். யாருடையதை முதலில் அறுப்பது? மழை பெய்தால் பள்ளமான வயல்களில்தான் தண்ணீர் நிற்கும். அவை முதலில் வர வேண்டும். மேட்டு நிலம் கடைசியாக வர வேண்டும். நாற்பது ஏக்கரில் உயரமான ஆறு ஏக்கர் யாருடையது என்று எனக்குத் தெரியும். மதியம் சோறு போடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

"அவங்க நெலத்தையா கடைசியில போடுற?"

"மேட்டு நெலம்மா அது. தண்ணி வடிஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதா, நான் நட்ட வயலு. அதைச் சொல்லல. நீ அவங்ககிட்ட நின்னு அதைச் சொல்லப் போறியாங்கிறேன்."

"சொல்லித்தானேம்மா ஆகணும்."

 அம்மா இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அலுவலக வெள்ளைப்பலகையில் வயல்களின் வரிசையை எழுதினேன். கடைசி வரியில் தலைவரின் வயல். எழுதி முடித்துத் திரும்பி, பள்ளம் முதலில், மேடு கடைசியில் என்று விளக்கினேன். கூட்டம் பலகையைப் பார்க்கவில்லை. தலைவரைத்தான் பார்த்தது. அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"என்னோடது கடைசியா?"

"ஆமாங்க ஐயா."

"மழை முந்திக்கிட்டா?"

"உங்களோடது நிக்கும். மத்தவங்களோடது சாஞ்சா தண்ணியில கெடக்கும்."

அவர் இன்னொரு முறை படித்தார். பிறகு ஆத்தூருக்குப் போன் போட்டு, நான்கு மெஷினும் வேண்டாம் என்று சொன்னார். போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "பலகையில எழுதுனது எழுதுனதுதான். போயி வேலையைப் பாருங்க" என்றார்.

தைப் பனி காலையில் வெகுநேரம் கதிரில் இருக்கும். பத்து மணிக்கு மேல்தான் அறுப்பு. வண்டல் பள்ளத்தில் டயர் வண்டி புதையும் என்பதால் பெல்ட் மெஷின் இரண்டையும் அங்கே இறக்கினோம். அறுத்த நெல் டிராக்டரில் களத்துக்குப் போகும். அங்கே பெண்கள் காலால் கோடு போட்டுக் கிளறி விடுவார்கள். ஈரம் இறங்கியதைக் கருவியில் பார்த்த பிறகே மூட்டை கட்டுவது. களத்தில் இடம் காலியானதும் எனக்குப் போன் வர வேண்டும். நான் சொன்ன பிறகுதான் மெஷின் அடுத்த வயலில் இறங்க வேண்டும். மெஷின் டிரைவர்களுக்கு இது புரியவே இல்லை. "வயலு நிக்குது, மெஷினும் நிக்குதேம்மா" என்று ஒருவர் புலம்பினார். மெஷின் நின்றால் பரவாயில்லை, நெல் நிற்கக் கூடாது என்றேன். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் களத்தில் ஒரு குவியல்கூட இல்லாமல் எல்லாம் மூட்டையாகப் போனதைப் பார்த்த பிறகு அவரே எனக்கு முன்னால் போன் செய்து, "எடம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பாலம் போயிற்று.

வாய்க்காலின் மேல் இருந்த பழைய சின்னப் பாலம் அது. வயல்களும் களங்களும் இந்தப் பக்கம். குடோனுக்குப் போகும் ரோடு மட்டும் அந்தப் பக்கம். நெல் ஏற்றிய லாரி பாதிப் பாலத்தில் இருக்கும்போது ஓரத்துக் கல்கட்டு சரிந்து, பின்சக்கரம் ஒன்று இறங்கிவிட்டது. டிரைவருக்கு அடி இல்லை. லாரியைப் பின்பக்கமாக இழுத்து எடுத்தோம். ஆனால் பாலத்தில் இனி ஆள் நடக்கலாமே தவிர வண்டி போக முடியாது. சுற்றிப் போனால் மண்ரோடு. லாரி ஒரு நடைக்கு அரைநாள் ஆகும்.

நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. குறுகலான இடம் களத்திலிருந்து கிளம்பிப் பாலத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. களத்தில் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு வந்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள். உடைந்த இடத்தை எட்டிப் பார்த்தாள். பாலத்தின் நீளத்தை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"லாரியை அந்தப் பக்கம் நிறுத்து. நாங்க கைமாத்தி விட்டுடுறோம்."

"அம்மா, ஒரு மூட்டை நாப்பது கிலோ. எத்தனை மூட்டை இருக்குன்னு தெரியுமா?"

"நாப்பது கிலோ எங்களால ஆவாது. பாதி பாதியா கட்டு. நாத்துக்கட்டு கைமாத்துற மாதிரி மாத்திடுவோம். யாரும் நடக்க வேண்டியதில்ல, நின்ன எடத்துலேருந்து திரும்புனா போதும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சென்னையில் பதினோரு வருஷம் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து பேசிய விஷயத்தை அம்மா சேற்றுக்காலோடு நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். வழி குறுகினால் சுமையைச் சின்னதாக்கு என்பதுதான் அது. கீழ்வேளூர் அரிசிக் கடைகளில் போய்ச் சின்னச் சாக்குகளை மொத்தமாக அள்ளி வந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை நின்றது. அறுபது பெண்கள், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிரே பார்த்தபடி. முதல் மூட்டையை அம்மா தூக்கிக் கொடுத்தாள்.

முதல் கால்மணி நேரம் தடுமாற்றம்தான். ஒரு மூட்டை வாய்க்காலில் விழுந்தது. அதை விதையிலிருந்து ஒதுக்கிவிட்டோம். பிறகு ஒரு தாளம் கிடைத்துவிட்டது. யாரோ ஒருத்தி எண்ண ஆரம்பித்தாள், இன்னொருத்தி அவளைக் கேலி செய்தாள். மூட்டைகள் தண்ணீர் ஓடுவது போல ஓடின. அந்தப் பக்கம் லாரிமேல் அடுக்குகிறவர்கள், "மெதுவா விடுங்கக்கா" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. ஐந்து மணிக்கு லாரி நிரம்பிக் கிளம்பியது. பாலம் உடைவதற்கு முன் ஒரு நாளைக்கு எவ்வளவு போயிற்றோ, அதில் துளியும் குறையவில்லை.

வியாழன் முழுவதும் அப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முப்பத்து நான்காவது ஏக்கர் அறுத்து முடிந்தது. கிழக்கே வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. மழை ஒரு நாள் முந்திக்கொள்ளும் போலிருந்தது. காய்ந்துகொண்டிருந்ததை மூட்டை கட்டி அனுப்பவே நேரம் சரியாக இருக்கும். மெஷின்களைக் கழுவிக் கரையேற்றச் சொன்னேன்.

வரிசையில் நின்ற அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஐயா வயலு மட்டும் ஏன் நிக்கணும்?"

"காயவைக்க எடம் இல்லம்மா. மூணு மணிக்கெல்லாம் தூறல் வந்துடும்."

"மண்டபத்துக்கு மொட்டைமாடி மட்டுந்தானா இருக்கு? உள்ளாற எம்மாம் பெரிய கூடம். பத்து ஃபேனு சுத்துது. மெல்லிசாப் பரப்பி விடு. நாங்க கிளறுறோம்."

கூடம் என் கணக்கிலேயே இல்லை. வெயில் விழும் தரையை மட்டும்தான் களம் என்று எண்ணியிருந்தேன். மண்டபத்துக்காரரிடம் ஓடினேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் கல்யாணம். ஒரு நெல்லு மணி கெடக்கக் கூடாது" என்றார்.

தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் தன் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு யோசனை?" என்றார். சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே இடம் கேட்டு நின்றார். அவருக்கு மூட்டையைக் கொடுக்க வேண்டியவள் ஒரு நொடி தயங்கினாள். "குடும்மா, நெல்லுதானே" என்று கையை நீட்டினார்.

இரண்டு மெஷினும் மேட்டு நிலத்தில் இறங்கின. ஆறு ஏக்கர். கடைசி டிராக்டர் மண்டப வாசலுக்கு வந்து பின்பக்கத்தை உள்ளே நுழைத்து நெல்லைக் கொட்டியபோது முதல் தூறல் விழுந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கெல்லாம் எதிரில் இருக்கும் கடை தெரியாத அளவுக்கு மழை. மண்டபத்துக் கூடம் முழுக்க நெல், மணமக்கள் உட்காரும் மேடைமேலும் நெல். பத்து ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாகக் காலால் கிளறியபடி போவதும் வருவதுமாக இருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்தேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருமே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மழை மூன்று நாள் பெய்தது. பள்ளத்து வயல்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அறுத்து மிஞ்சிய தாள்கட்டைகள் மட்டும்தான் அதில் முங்கிக் கிடந்தன.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. நாற்பது ஏக்கர் விதையும் தேறிவிட்டது, மண்டபத்துக் கூடத்தில் காய்ந்ததும் உட்பட. விதைக் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி, அடுத்த வருஷம் இதைப் போல இரண்டு மடங்கு முடியுமா என்று கேட்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார். நான், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

இப்போது அறுபது பெண்களும் சேர்ந்து ஒரு சுமைப்பணிக் குழுவாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் மூட்டைகள் எல்லாம் இப்போது சின்ன மூட்டைகள்தான். திருவிடைமருதூர்ப் பக்கமிருந்துகூட ஓர் உழவர் குழு வந்து வரிசை நிற்பதைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அறுப்புக்கு முந்தின திட்டக் கூட்டத்தில் குழுவின் சார்பில் அம்மா வந்து உட்காருகிறாள். முதல் கூட்டத்தில் தலைவரே எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்த வேகத்தைப் பார்த்தால் முப்பது வருஷமாக அதற்காகவே நின்றுகொண்டிருந்தது போல் இருந்தது.

போன மாதம் வெளியூர் லாரி ஒன்று வந்தது. டிரைவர் புதியவர். இறங்கி, களத்தில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "லோடுமேன் மேஸ்திரி யாருங்க?" என்று கேட்டார். அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான். வண்டியை ரிவர்ஸ் எடுங்க."